பொது நினைவகமும் உடைமையும்: கணினி வலையமைப்புகளிலே பகிர்வு நினைவகத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் அதனைக் கண்டுபிடிப்பாளர் சிலரின் மேதைமையின் வரலாறாகவோ, கம்பனிகள் சிலவற்றின் வெற்றி தோல்விகளின் வரலாறாகவோ கண்டுள்ளனர். முதலாவது நோக்கு கருத்துமுதல்வாதச் சார்புடையது. இரண்டாவது விளம்பரச் சார்புடையது. ஒரு தொழில்நுட்பக் கருத்து எத்தகைய பொருளியற் சூழலிலே தோன்றியது, யாருடைய உழைப்பை அது எவ்வாறு மாற்றியமைத்தது, எக்கட்டத்திலே கைவிடப்பட்டது, பின்னர் யாருடைய கைகளில் மீண்டும் உயிர்பெற்றது என்னும் வினாக்களை எழுப்பி எழுதப்பட்ட ஆய்வுகள் தமிழிலே மிகக் குறைவு. அத்தகைய ஒரு கருத்தினை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

பரம்பிய பகிர்வு நினைவகம் என வழங்கும் அக்கருத்தினை முதலிற் சுருக்கமாக விளக்கிக்கொள்ளுதல் நன்று. ஒவ்வொரு கணினிக்கும் தனக்கென ஒரு நினைவகம் உண்டு. பல கணினிகளை ஒரு வலையமைப்பினால் இணைத்துவிட்டாலும் ஒன்றின் நினைவகத்தை மற்றையது நேரடியாகத் தொடமுடியாது. செய்தி அனுப்பிக் கேட்டுப் பெறவே முடியும். எந்தத் தரவு எங்கே இருக்கின்றது, அதனை யாரிடம் எப்போது கேட்பது, கேட்டுப் பெற்ற பின்னர் அது பழையதாகிவிட்டால் என்ன செய்வது என்பனவற்றையெல்லாம் செய்நிரலை எழுதுபவரே கவனித்துக்கொள்ள வேண்டும். இச்சுமையை அவரது தோளிலிருந்து இறக்கி, தனித்தனியே கிடக்கும் நினைவகங்கள் யாவும் ஒரே நினைவகம் போலத் தோன்றுமாறு செய்வதே பரம்பிய பகிர்வு நினைவகத்தின் நோக்கமாகும். ஒரு கணினியிலே ஒரு முகவரியில் எழுதப்பட்ட பெறுமானம், வேறொரு கணினியில் அதே முகவரியை வாசிக்கும் செய்நிரலுக்கும் கிடைக்கும். ஒரே கட்டடத்தினுள் இருக்கும் இயந்திரங்களிடையே இதனைச் சாதிப்பது ஒரு சிக்கல். நகரங்களையும் கடல்களையும் கடந்து செல்லும் விரிபரப்பு வலையமைப்பிலே இதனைச் சாதிப்பது முற்றிலும் வேறான சிக்கல்.

இலக்கிய ஆய்வாளருக்கு இத்துறையிலே என்ன அலுவல் என்று வினவப்படலாம். 'பகிர்வு', 'உடைமை', 'இசைவு' ஆகிய சொற்களை இத்துறையினர் தாராளமாகக் கையாள்கின்றனர். சொற்கள் எச்சமூக அனுபவத்திலிருந்து பிறந்தன என்று தேடுவது எமது தொழில். அன்றியும், படிகள் பலவாகப் பெருகும்போது எதனை மூலமெனக் கொள்வது என்னும் பிரச்சினை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் மரபிலே வந்த எவருக்கும் அந்நியமானதன்று.

1

இக்கருத்தின் வேர் வலையமைப்புகளுக்கு முற்பட்டது. மான்செஸ்ரர் பல்கலைக்கழகமும் ஃபெரான்ரி கம்பனியும் சேர்ந்து உருவாக்கி, 1962 டிசம்பரிலே தொடக்கிவைத்த அற்லஸ் என்னும் கணினியில் இருவகைச் சேமிப்புகள் இருந்தன. ஒன்று 16,384 சொற்களைக் கொள்ளும் வேகமான காந்த வளைய நினைவகம். மற்றையது 98,304 சொற்களைக் கொள்ளும் மெதுவாகச் சுழலும் காந்த உருளை. அதுவரை இருந்த இயந்திரங்களிலே, உருளையிலிருந்து நினைவகத்துக்குத் தரவுகளைக் கொண்டுவருவதும் திருப்பி அனுப்புவதும் செய்நிரலாளரின் வேலையாக இருந்தன. ரொம் கில்பேணும் அவரது குழுவினரும் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது அதனை இயந்திரமே உருளையிலிருந்து கொண்டுவருமாறு அமைத்தனர். செய்நிரலாளருக்கு இரண்டு சேமிப்புகள் இல்லை. பெரியதொரு நினைவகமே உண்டு. இதனை அவர்கள் ஒருநிலைச் சேமிப்பு என்றனர்.

செய்நிரலாளரின் மீதுள்ள இரக்கத்தினாலே மட்டும் இது செய்யப்பட்டதென்று கருதுதல் பேதைமை. அற்லஸ் மிகுந்த விலையுடையது. அது ஒரு கணமேனும் சும்மா நிற்றல் ஆகாது. ஆகவே பல செய்நிரல்களை ஒரே வேளையில் அதனுள்ளே வைத்து, ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்றை இயக்க வேண்டியிருந்தது. அவ்வாறு பல செய்நிரல்கள் கலந்து கிடக்கும்போது தனக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை எந்தவொரு செய்நிரலாளரும் முன்கூட்டியே அறியமுடியாது. இடத்தைப் பங்கிடும் அதிகாரம் தனியாளிடமிருந்து அமைப்புக்கு மாறியமை இத்தேவையின் விளைவு. 'ஒரே நினைவகம்' என்னும் தோற்றம் மூலதனத்தைச் சும்மா கிடக்கவிடாத நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு ஏழாண்டுகளின் பின்னர், 1969இல், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியிலே தொடங்கப்பட்ட ஆர்ப்பாநெற் வலையமைப்பும் வளங்களைப் பகிர்தல் என்னும் முழக்கத்தோடேயே வந்தது. எனினும் அங்கு பகிரப்பட்டவை இயந்திரங்களும் கோப்புகளுமே, நினைவகம் அன்று.

அதே காலப்பகுதியிலே சோவியத் ஒன்றியத்திலும் இத்தகைய கனவொன்று இருந்தது. கீவ் நகரிலிருந்த சைபர்னெற்றிக்ஸ் நிறுவகத்தின் பணிப்பாளர் விக்ரர் குளுஷ்கோவ், நாடு முழுவதற்குமான பொருளாதாரத் தகவல் வலையமைப்பு ஒன்றினுக்கு 1960களிலே திட்டம் வகுத்தார். மொஸ்கோவில் ஒரு மையம், பெருநகரங்களிலே பிராந்திய மையங்கள், ஆயிரக்கணக்கான உள்ளூர் நிலையங்கள் என மூன்றடுக்கில் அமைந்தது அத்திட்டம். அனுமதி பெற்ற எவரும் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் தமக்கு வேண்டிய தரவினை அணுகலாம் என்பது அதன் அடிப்படை. பொதுவுடைமையின் பெயரால் ஆட்சி நடைபெற்ற நாட்டிலே பொது நினைவகம் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. 1970இலே திட்டம் அரசியற்குழுவின் முன் வந்தபோது நிதியமைச்சின் எதிர்ப்பினால் அது குறுக்கப்பட்டது. பின்னர் ஒவ்வோர் அமைச்சும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனி அமைப்புகளைக் கட்டியது. ஸ்லாவா கெரோவிச்சும் பெஞ்சமின் பீற்றர்ஸும் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சட்டப்படி தனியுடைமை ஒழிந்த இடத்திலே திணைக்கள உடைமை அதன் வேலையைச் செய்துவிட்டது. மார்க்சியர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் இவ்வுண்மையைத் தவிர்த்துவிட்டு மேற்குலகின் வரலாற்றை மட்டும் விமர்சிப்பது நேர்மையாகாது.

2

நாம் எடுத்துக்கொண்ட கருத்து அதன் முழு வடிவிலே வெளிப்பட்டது 1980களிலேயே. சீனாவிற் பட்டப்படிப்பை முடித்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே ஆய்வு செய்த கை லீ, 1986இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டினைச் சமர்ப்பித்தார். ஐவி என்பது அவர் அமைத்த ஒழுங்குமுறையின் பெயர். அப்பொலோ கம்பனியின் பணிநிலையக் கணினிகள் சிலவற்றை வளைய வலையமைப்பொன்றினால் இணைத்து, அவற்றின் நினைவகங்களை ஒன்றாகக் காட்டியது அது. அக்காலப் பல்கலைக்கழகங்கள் ஒரு பெருங்கணினியை வாங்கும் செலவினை மேற்கொள்வதற்குப் பதிலாக ஆளுக்கொன்றாகப் பணிநிலையக் கணினிகளை வாங்கத் தொடங்கியிருந்தன. பெருங்கணினியின் ஆற்றலைச் சிறு கணினிகளின் கூட்டிலிருந்து பெறலாமா என்பதே அன்றைய கேள்வி. வறியோரின் கேள்வி அது என்றும் கூறலாம். ஆயினும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வறுமையை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

ஐவியின் இயக்கத்தைச் சற்று நுணுக்கமாக நோக்குதல் அவசியமாகும். நினைவகம் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எக்கணத்திலும் ஓர் உடைமையாளர் உண்டு. உடைமையாளர் என்பது வலையமைப்பிலுள்ள கணினிகளுள் ஒன்று. ஒரு பக்கத்தை வாசிக்க விரும்பும் கணினி உடைமையாளரிடமிருந்து ஒரு படியைப் பெற்றுக்கொள்ளும். எத்தனை கணினிகளும் ஒரே வேளையிலே வாசிப்புப் படிகளை வைத்திருக்கலாம். எவர் எவரிடம் படி உண்டு என்ற பட்டியலை உடைமையாளர் பேணுவார். ஆனால் ஒரு கணினி அப்பக்கத்தில் எழுத விரும்பினால் நிலைமை மாறிவிடும். வெளியே உள்ள படிகள் யாவும் செல்லுபடியற்றவை என அறிவிக்கப்பட்டு, உடைமை அக்கணினிக்குக் கைமாறிய பின்னரே அது எழுதலாம். வாசிப்பது பொது, எழுதுவது தனி. உடைமையாளர் யாரென்று கண்டறிவதற்கு லீ பல வழிகளை ஒப்பிட்டார். எல்லாப் பக்கங்களின் உடைமையையும் அறிந்த ஒரு மத்திய முகாமையாளரை வைப்பது ஒரு வழி. முகாமையைக் கணினிகளிடையே பங்கிட்டுவிடுவது இன்னொரு வழி. மூன்றாவது வழியில் முகாமையாளரே இல்லை. ஒவ்வொரு கணினியும் தான் அறிந்தவரையில் உடைமையாளராக இருக்கக்கூடியவர் யார் என்ற ஊகத்தை மட்டும் வைத்திருக்கும். கோரிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்பப்பட்டுச் சென்று ஈற்றில் உண்மையான உடைமையாளரைச் சேரும். செல்லும் வழியில் எல்லோருடைய ஊகமும் திருத்தப்படும். மையமின்றியும் ஒழுங்கு நிலவலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பால் ஹூடாக்குடன் இணைந்து 1989இல் லீ வெளியிட்ட கட்டுரை இவ்வழிகளை விரிவாக ஒப்பிடுகிறது.

'உடைமையாளர்' என்ற சொல்லைக் கண்டவுடனே முதலாளித்துவச் சிந்தனை இயந்திரத்தினுள்ளும் புகுந்துவிட்டதென்று முடிவு கட்டுவது கொச்சை மார்க்சியமாகும். இங்கு உடைமை கைமாறுவது வேண்டுவோரின் கோரிக்கையினாலேயே, விலையினால் அன்று. கோருபவர் எவருக்கும் அது மறுக்கப்படுவதுமில்லை. ஆயினும் சொல் வெறுமனே அணியாகவும் வரவில்லை. ஒரு பொருளின் நிலை பற்றி அனைவருக்கும் ஒரே உண்மை இருக்க வேண்டுமாயின், அதனை மாற்றும் உரிமை ஒரு கணத்தில் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பது அவ்வமைப்பின் எடுகோள். அந்த 'ஒரே உண்மை' எது என்பதை லெஸ்லி லாம்போட் 1979இலே வரையறுத்திருந்தார். பல முறைவழியாக்கிகள் செய்யும் செயல்கள் யாவும், ஒவ்வொன்றினதும் உள்வரிசை குலையாமல், ஏதோ ஒரு தனி வரிசையில் நடைபெற்றன போன்ற விளைவைத் தர வேண்டும் என்பது அவ்வரையறை. இதனை வரிசை இசைவு என இங்கு குறிப்போம். ஐவி இதனையே பேணியது.

லீயின் சோதனை முடிவுகளில் ஒன்று எமது சிறப்பான கவனத்துக்குரியது. சில கணிப்புகளில், கணினிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கியபோது வேகம் இருமடங்கிலும் கூடியது. இதிலே மாயம் எதுவுமில்லை. தனியொரு கணினியின் நினைவகத்திற் கொள்ளாத தரவு வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓயாது அலைந்துகொண்டிருந்தது. பலவற்றின் நினைவகங்கள் ஒன்றுசேர்ந்தபோது அது முழுவதும் உள்ளே அடங்கிற்று. 'மூலதனம்' முதற்பாகத்திற் கூட்டுழைப்பைப் பற்றிய அதிகாரத்தை வாசித்தோர், பலரின் சேர்க்கை தனியாள்களின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்ட ஒரு புதிய ஆற்றலைத் தோற்றுவிக்கும் என்ற வாதத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வர். அவ்வாற்றல் யாருக்குச் சென்று சேர்கிறது என்பதே மார்க்ஸ் அடுத்து எழுப்பிய வினா. கை லீ பின்னர் 2001இலே தரவுச் சேமிப்புக் கம்பனியொன்றின் நிறுவுநருள் ஒருவரானார். 2009இல் அது பெருங்கம்பனியொன்றினால் வாங்கப்பட்டது. தனிமனிதரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அக்காலக் கணினி விஞ்ஞானத்தின் பொதுவான வாழ்க்கைத் தடம் அதுவாகவே இருந்தது.

3

ஐவியின் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. இரண்டு கணினிகள் ஒரே பக்கத்தின் வெவ்வேறு மூலைகளில் எழுதும்போது, அவை ஒன்றின் தரவை மற்றையது தொடாவிட்டாலும், பக்கம் முழுவதும் அவற்றிடையே மாறிமாறிப் பந்தடிக்கப்பட்டது. இதனைப் போலிப் பகிர்வு என்றனர். உடைமையின் அலகும் உழைப்பின் அலகும் பொருந்தாதபோது ஏற்படும் இழுபறி இது.

ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில் டாஷ் என்ற இயந்திரத்தை வடிவமைத்தோர் 1990இலே வேறொரு வழியை முன்வைத்தனர். ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. செய்நிரலாளர் தாமே பூட்டுகளை இட்டு, பொதுத் தரவை மாற்றுமுன் பூட்டைப் பெற்று, மாற்றியபின் விடுவிக்கின்றார். விடுவிக்கும் கணத்தில் மாற்றங்களை அறிவித்தாற் போதும். இது விடுவிப்பு இசைவு எனப்படும். ரெக்சாஸ் மாநிலத்தின் ரைஸ் பல்கலைக்கழகத்திலே ஜோன் காட்டர், வில்லி ஸ்வேனபோல் முதலியோர் அமைத்த மியூனின் இக்கருத்தினைச் சாதாரண வலையமைப்புக்குக் கொண்டுவந்தது. எழுதத் தொடங்குமுன் பக்கத்தின் ஒரு படியை ஒதுக்கி வைத்து, எழுதி முடித்தபின் இரண்டையும் ஒப்புநோக்கி வேறுபட்ட இடங்களை மட்டும் அது அனுப்பியது. அச்சுப்படி திருத்துவோர் நூல் முழுவதையும் மீண்டும் எழுதி அனுப்பாது பிழைதிருத்தப் பட்டியலை மட்டும் அனுப்புவது போன்றது இது. இதனாலே ஒரே பக்கத்தில் இருவர் ஒருங்கே எழுதுவதும் இயல்வதாயிற்று. உடைமையின் தனிமை முதன்முறையாகத் தளர்ந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் அடுத்த தலைமுறையினர், பீற் கெலெஹர், அலன் கொக்ஸ், சந்தியா துவார்க்கதாஸ் ஆகியோர், ஸ்வேனபோலுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ட்ரெட்மார்க்ஸ் இன்னும் ஒருபடி சென்றது. விடுவிக்கும்போதுகூட அறிவிக்கவில்லை, அடுத்தவர் பூட்டைப் பெறும்போது அவருக்கு மட்டும் அறிவித்தது. துவார்க்கதாஸ் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவர் என்பதையும் இங்கு குறிப்பிடலாம். நோய்களுக்குக் காரணமான மரபணுக்களின் இருப்பிடத்தைத் தேடும் கணிப்புகளுக்கு ட்ரெட்மார்க்ஸ் பயன்படுத்தப்பட்டது. ஆய்வுகூடங்களிலே ஏற்கெனவே இருந்த கணினிகளைக் கொண்டே நெடுங்கணிப்புகளை விரைவாக்கிய அவ்வேலையை இத்துறையின் மிகப் பயனுள்ள சாதனைகளில் ஒன்றாக நாம் மதிக்கின்றோம்.

எனினும் இவ்வளர்ச்சியினுள்ளே ஒரு முரண்பாடு உறைந்திருந்தது. செய்நிரலாளரின் சுமையை இறக்குவதே தொடக்க நோக்கம். இசைவினைத் தளர்த்தத் தளர்த்த, பூட்டுகளைச் சரியாக இடும் பொறுப்பு அவரிடமே மீண்டது. மியூனினில் ஒவ்வொரு தரவும் எத்தகையது, வாசிப்பதற்கு மட்டுமா, கைமாறிச் செல்வதா, ஒருவர் ஆக்கப் பலர் நுகர்வதா என்று அவர் குறித்துக்கொடுக்க வேண்டியும் இருந்தது. இறக்கி வைத்த சுமை வேறு பெயரில் தோளிலேறியது. இவ்வளவு செய்வதாயின் செய்திகளையே நேரடியாக அனுப்பிவிடலாமே என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. 1994இலே செய்தி கைமாற்றத்துக்கான எம்.பி.ஐ. என்னும் பொது நியமம் வெளிவந்தது. அதே ஆண்டில் நாசாவின் கொடார்ட் நிலையத்திலே சந்தையில் வாங்கிய மலிவான பாகங்களைக்கொண்டு பேவுல்ஃப் என்ற கணினிக் கூட்டம் கட்டப்பட்டது. இன்னொரு புறத்தில், பல முறைவழியாக்கிகள் வன்பொருளிலேயே ஒரு நினைவகத்தைப் பகிரும் இயந்திரங்களின் விலை வீழ்ந்தது. இவையிரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பரம்பிய பகிர்வு நினைவகம் 1990களின் இறுதியில் ஆய்வாளரின் நாட்டத்தை இழக்கத் தொடங்கியது. கருத்தளவில் அது தோற்கடிக்கப்படவில்லை. அதனைத் தோற்றுவித்த விலைவாசிச் சூழல் மறைந்தது.

4

அது மங்கத் தொடங்கிய வேளையிலேயே சிலர் அதனை விரிபரப்புக்குக் கொண்டுசெல்ல முற்பட்டனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. மியூனினை அமைத்த ஜோன் காட்டர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1998இல் கசானா என்ற அமைப்பினை வெளியிட்டார். தமிழிலே நாம் கஜானா என வழங்கும் அதே சொல்தான். உலகெங்கும் பரந்த கணினிகள் அனைத்துக்கும் 128 இருமநிலை நீளமுள்ள முகவரிகளைக் கொண்ட ஒரே நினைவகவெளி என்பது அதன் இலக்கு. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை படிகள் வேண்டும், எவர் அணுகலாம், எவ்வளவு இசைவு வேண்டும் என்பனவற்றைப் பயன்படுத்துவோர் குறிக்கலாம். துவார்க்கதாஸும் மைக்கேல் ஸ்கொட்டும் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அமைத்த இன்ரர்வீவ், படி ஒன்று முற்றிலும் புதியதாக இருக்கவேண்டியதில்லை, தேவைக்குப் போதிய அளவு புதியதாக இருந்தாற் போதும் என்ற கொள்கையை வெளிப்படையாகவே மேற்கொண்டது. அம்ஸ்ரடாமின் சுயாதீனப் பல்கலைக்கழகத்திலே உருவான குளோப், நினைவகப் பக்கங்களைக் கைவிட்டு, ஒவ்வொரு பொருளும் தன் படிகளைப் பேணும் முறையைத் தானே தீர்மானிக்கும் என்றது.

இவர்கள் யாவரும் ஏன் இவ்வாறு தளர்த்த வேண்டியிருந்தது? விடை பௌதிகத்திலே உள்ளது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். நியூயோர்க்குக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட தூரம் நேர்வழியில் ஏறத்தாழ 5,570 கிலோமீற்றர். ஒரு கேள்வி சென்று விடை திரும்புவதற்கு, இடையில் எவ்விதத் தடையும் இல்லையெனினும், 56 மில்லிசெக்கன் வேண்டும். செக்கனுக்கு நூறு கோடி துடிப்புடைய முறைவழியாக்கி அவ்விடைவெளியிலே 5.6 கோடி துடிப்புகளைக் கடந்துவிடும். ஒரு கட்டடத்தினுள்ளே ஒரு மில்லிசெக்கனுக்குக் கிட்டிய நேரத்திற் கைமாறிய உடைமை, இங்கு அதன் பன்மடங்கு நேரம் வழியிலேயே கிடக்கும். வலையமைப்பின் கொள்ளளவைப் பணத்தினாற் பெருக்கலாம். ஒளியின் வேகத்தை எப்பணத்தினாலும் பெருக்கமுடியாது.

இவ்வுண்மையைச் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். ஆர்ப்பாநெற்றின் பல நிலையங்களில் ஒரே தரவுத்தளத்தின் படிகளைப் பேணுவது எவ்வாறு என்று 1975இல் போல் ஜோன்சனும் ரொபேட் தொமஸும் எழுதிய குறிப்பிலே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரமுத்திரை இட்டுப் பிந்தியதை ஏற்கும் முறை கூறப்பட்டது. அதிலே ஒரு குறையைக் கண்ட லாம்போட், 1978இலே தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். தூரத்தே பிரிந்திருக்கும் இயந்திரங்களிடையே எது முன், எது பின் என்பது எப்போதும் தீர்மானிக்கத்தக்கதன்று. ஒன்றின் செய்தி மற்றையதைச் சென்றடைந்திருந்தாலன்றி அவையிரண்டும் ஒருங்கே நிகழ்ந்தனவாகவே கொள்ளப்படும். சார்பியற் கொள்கையின் செல்வாக்கினைத் தாம் பெற்றதாக அவர் பின்னர் எழுதியுள்ளார். எல்லோருக்கும் பொதுவான ஒரே வரிசை இயற்கையில் இல்லை. அது வேண்டுமாயின் யாரோ ஒருவர் அதனை விதிக்க வேண்டும். விதிப்பவர் யார் என்பதே எமது நோக்கில் முக்கியமான கேள்வி.

2000ஆம் ஆண்டில் எரிக் புரூவர் ஓர் ஊகத்தினை முன்வைத்தார். 2002இல் சேத் கில்பேட்டும் நான்சி லின்ச்சும் அதனை நிறுவினர். வலையமைப்பு இரண்டாகத் துண்டிக்கப்படும்போது, எல்லாப் படிகளும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதையோ, கேட்போர் அனைவருக்கும் விடை கிடைத்தல் வேண்டும் என்பதையோ தெரிவு செய்யலாம், இரண்டையும் பெறமுடியாது. தூய கணிதமாகத் தோன்றும் இத்தேற்றம் அடுத்த பத்தாண்டுகளிற் பெருங்கம்பனிகளின் கொள்கை விளக்கமாக மாறியது.

2007இலே அமேசன் கம்பனி தனது டைனமோ என்னும் சேமிப்பு முறையை வெளியிட்டது. அது விடை கிடைத்தலைத் தெரிந்தெடுத்தது. படிகள் சிலகாலம் முரண்பட்டு நின்று, ஈற்றிலே ஒத்துவரும். இதனை ஈற்றிசைவு எனலாம். முரண்பட்ட படிகளை எவ்வாறு இணைப்பது என்பது செய்நிரலாளரிடம் விடப்பட்டது. கொள்வனவுக் கூடையை எடுத்துக்காட்டாகக் கூறும் அக்கட்டுரை ஓர் உண்மையை மறைக்காது சொல்கிறது. கூடையிலே சேர்த்த பொருள் ஒருபோதும் தொலைவதில்லை. ஆனால் நீக்கிய பொருள் சில வேளைகளில் மீண்டும் தோன்றிவிடும். இரு படிகள் முரண்படும்போது எப்படியை நம்புவது என்ற கேள்விக்கு ஏடு பார்த்தவர்கள் பொருளமைதியையும் யாப்பமைதியையும் ஆதாரமாகக் கொண்டனர். இங்கோ விற்பனை ஆதாரமாயிற்று. 'வாங்குகிறேன்' என்ற பாடம் 'வேண்டாம்' என்ற பாடத்தை வெல்லுமாறு பதிப்புநெறி வகுக்கப்பட்டது.

கூகிள் கம்பனி எதிர்த்திசையிலே சென்றது. 2012இல் வெளியான ஸ்பானர், கண்டங்கள் தோறும் பரந்த தரவு நிலையங்களிடையே ஒரே வரிசையை மீண்டும் நிலைநாட்டியது. ஒளியின் வேகத்தை அது வெல்லவில்லை. காலத்தை விலைகொடுத்து வாங்கியது. ஒவ்வொரு தரவு நிலையத்திலும் செய்மதி வழி நேரம் பெறும் கருவிகளும் அணுக் கடிகாரங்களும் வைக்கப்பட்டன. அங்குள்ள கணினி நேரத்தை ஓர் இலக்கமாகச் சொல்வதில்லை. இன்ன கணத்துக்கும் இன்ன கணத்துக்கும் இடையே என்று ஓர் இடைவெளியாகவே சொல்லும். அக்கட்டுரையின்படி நிச்சயமின்மை 1 முதல் 7 மில்லிசெக்கன் வரை ஊசலாடியது. ஒரு மாற்றத்தைப் பதியுமுன், ஐயத்துக்குரிய அச்சிறு இடைவெளி முற்றாகக் கழியும்வரை அமைப்பு காத்திருக்கும். அவ்வாறு காத்திருப்பதனால் எது முன், எது பின் என்ற வரிசை உலகம் முழுவதற்கும் ஐயமின்றி உறுதியாகின்றது. தொழில்நுட்ப நோக்கில் இது வியக்கத்தக்க சாதனை. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. ஆனால் கடிகாரங்களையும் தனக்கேயான இழைகளையும் உலகளாவிய தரவு நிலையங்களையும் உடையவர்க்கே அது கைகூடும். அதன்மீது முதலில் இயங்கிய பெரிய அலுவல், அக்கம்பனியின் விளம்பர வருவாயை நிருவகிக்கும் எஃப்1 என்ற தரவுத்தளமாகும். ஆய்வுகூடத்துக் கணினிகளின் நினைவகங்களை ஒன்றுசேர்த்து நோய்க்குரிய மரபணுவைத் தேடியவர்களின் வழிவந்த ஓர் இலட்சியம், பதினெட்டு ஆண்டுகளில் விளம்பரக் கணக்கின் ஒழுங்குக்கு வந்து சேர்ந்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி தானாகவே விடுதலையைக் கொண்டுவரும் என்று நம்புவோர் இப்பாதையைக் கவனித்தல் வேண்டும்.

வேறொரு பாதையும் உண்டு. பிரான்சின் இன்றியா நிறுவகத்தைச் சேர்ந்த மார்க் ஷப்பீரோவும் போர்த்துக்கேய ஆய்வாளர் சிலரும் 2011இலே, எவ்வரிசையில் வந்து சேர்ந்தாலும் ஒரே முடிவைத் தரும் மாற்றங்களை மட்டும் அனுமதிக்கும் தரவமைப்புகளை ஒழுங்குபடுத்தி விளக்கினர். இங்கு உடைமையாளர் இல்லை, முகாமையாளர் இல்லை, பூட்டும் இல்லை. எவரும் தம்மிடமுள்ள படியில் எப்போதும் எழுதலாம். படிகள் சந்திக்கும்போது தாமாகவே ஒன்றிவிடும். எல்லாத் தரவும் இவ்விதிக்கு இணங்காது. ஒரே ஆசனத்தை இருவருக்கு விற்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளை இதனாலே பேணமுடியாது. எனினும் பலர் கூடி ஓர் ஆவணத்தை எழுதுவதற்கு இது பெரிதும் பொருந்தும். மார்ட்டின் கிளெப்மனும் அவருடைய சகபாடிகளும் 2019இலே இவ்வடிப்படையில் ஒரு திட்டத்தினை முன்வைத்தனர். எழுதுவோரின் தரவு கம்பனிகளின் சேவையகத்திலன்றி அவரவர் கணினியிலேயே முதன்மையாகத் தங்க வேண்டும் என்பது அதன் சாரம். உடைமை என்ற சொல் அங்கும் திரும்பி வருகிறது. இம்முறை எழுதுபவரின் பக்கத்தில் நின்று.

இவ்வகை அமைப்புகள் பலவற்றிலே, ஒருவர் அழித்த எழுத்து உண்மையில் அழிந்துவிடுவதில்லை. தூரத்திலிருந்து பிந்தி வரும் திருத்தம் ஒன்று அவ்வெழுத்தினை அடுத்து நிற்கவேண்டியதாக இருக்கலாம். ஆகவே அவ்விடம் கண்ணுக்குத் தோன்றாமல் பேணப்படும். அதனைக் கல்லறைக்கல் என்பர். நெடுநாள் எழுதப்பட்ட ஆவணத்திலே எழுத்துகளிலும் கல்லறைகள் மிகுந்துவிடுவதுண்டு. அவற்றை அகற்றவேண்டுமாயின், அழிப்பினை எல்லாப் படிகளும் அறிந்துகொண்டன என்பது உறுதியாதல் வேண்டும். அதற்கு எங்கோ துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் கடைசிக் கணினியும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் காத்திருப்பது, வராத கணினியை எப்போது கணக்கிலிருந்து நீக்குவது, அதனை யார் தீர்மானிப்பது என்பன இத்துறையினர் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் பிரச்சினைகளாகும்.